தூண்டுகோலும் ஒளிதணிப்பானும்

இருளை ஓட்ட விளக்கேற்றக் கற்ற மனிதன் அதனோடு மற்றொரு தொழிலையும் கற்றான். ஏற்றிய விளக்கின் ஒளியை வேண்டும்போது மிகுத்தும், வேண்டாதபோது குறைத்தும் நிறுத்துதலே அத்தொழில். விளக்கின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் முதல் தொழிலையே பேசுவர். இரண்டாவதன் வரலாறு நம் வீட்டுச் சுவரிலேயே பதிந்திருந்தும் நம் கண்ணிற் படுவதில்லை. இன்று அது கண்ணிற் படவேண்டிய காலம் வந்துள்ளது.

சுபாங் ஜெயா போன்ற நகரங்களின் பழைய வரிசை வீடுகளுள் சிலவற்றில், கூடத்துச் சுவரில், விளக்கு விசைகளுக்கு அருகே வட்டமான திருகு ஒன்று இருக்கும். ஒருபுறம் திருப்பினால் ஒளி மிகும். மறுபுறம் திருப்பினால் ஒளி தணியும். ஆங்கிலத்தார் இதனை டிம்மர் என்பர். வீட்டுக்காரர் மின்கட்டணத்தைக் குறைக்கக் கருதிப் பழைய குமிழ் விளக்குகளைக் கழற்றிவிட்டு மின்சேமிப்பு விளக்குகளை மாட்டுகிறார். மாலையில் திருகைத் திருப்பியதும் விளக்கு படபடக்கிறது. சில வேளைகளில் வண்டுபோல் முரல்கிறது. ஒளியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அடியோடு அணைந்துவிடுகிறது. சில திங்களில் விளக்கே கெட்டும் போகலாம். விளக்கு மட்டமானது என்பார் ஒருவர். திருகு பழுது என்பார் மற்றொருவர். இரண்டும் தனித்தனியே குற்றமற்றனவாகவும் இருக்கலாம். ஒன்றுக்கொன்று பொருந்தாமையே இங்குள்ள குற்றம். அப்பொருந்தாமை எவ்வாறு நேர்ந்தது என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

நந்தா விளக்கும் நுந்தா விளக்கும்

விளங்கச் செய்வது விளக்கு. பண்டைத் தமிழர் இல்லத்தில் விளக்கு என்பது ஏற்றியதோடு முடிந்துவிடும் பொருளன்று. அதன் அருகில் ஒரு கை எப்போதும் வேண்டியிருந்தது. எண்ணெய் குறைந்தால் வார்க்க வேண்டும். திரி கரிந்தால் கிள்ள வேண்டும். ஒளி மழுங்கினால் தூண்ட வேண்டும். முல்லைப்பாட்டு பாசறையைப் பாடுமிடத்து, விளக்குகள் அவியுந்தோறும் நெய் வார்க்கும் குழலைக் கையிற்கொண்டு மீண்டும் ஏற்றும் மங்கையரைக் காட்டுகிறது. நெடுநல்வாடை, யவனர் செய்த பாவை விளக்கின் கையிலுள்ள அகல் நிறைய நெய் சொரிந்து, பருத்த திரியைக் கொளுத்தியதைக் கூறுகிறது. இவ்விரு பாட்டுகளிலும் விளக்கும் உண்டு, அதனைப் பேணுதலும் உண்டு என்பது கருதத்தக்கது.

கல்வெட்டுகளில் வழங்கும் இரு சொற்களை ஈண்டு நோக்குவோம். கோயிலில் இடைவிடாது எரியும் விளக்கை நந்தா விளக்கு என்றும், நுந்தா விளக்கு என்றும் எழுதியுள்ளனர். நந்துதல் என்பது கெடுதல், அவிதல் எனப் பொருள்படும். எனவே நந்தா விளக்கு அவியாத விளக்காகும். நுந்துதல் என்பது தூண்டுதல். எனவே நுந்தா விளக்கு தூண்ட வேண்டாத விளக்காகும். ஒன்று விளக்கின் நிலைபேற்றையும், மற்றொன்று விளக்கின் அளவைக் காக்கும் கையின் தொழிலையும் கருதி எழுந்த சொல். தூண்டாத விளக்கொன்று இருத்தல் அரிது என்பதனாலேயே அது தனிப்பெயர் பெறும் அளவுக்குச் சிறப்புடையதாயிற்று.

அணையா விளக்குக்கு ஆகும் செலவையும் முன்னோர் அளந்தே வைத்தனர். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடையாக வைக்கப்பட்டதைப் பல இடங்களிற் காண்கிறோம். அவ்வாடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடவர். ஆடுகள் மூப்பும் சாக்காடுமின்றி எண்ணிக்கை குறையாமல் இருத்தல் வேண்டும் என்பது கருதி, அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். இரவும் பகலும் எரிப்பதற்கு வசதியில்லாதார் அந்திப் பொழுதில் மட்டும் எரியும் சந்தி விளக்கு வைத்தனர். அதற்குக் கொடையும் குறைவு. எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம், அதற்கு எவ்வளவு நெய் என்னும் கணக்கு அன்றே கல்லில் ஏறியிருந்தது. மின்கட்டணச் சீட்டைக் கையிற்கொண்டு நாம் போடும் கணக்கும் இதன் வழிவந்ததே எனலாம்.

மேனாட்டில் ஆமி ஆர்கண்டு என்பார் 1780-ஆம் ஆண்டளவில் ஒரு புதுவகை எண்ணெய் விளக்கைச் செய்தார். குழல்வடிவான திரியின் உள்ளும் புறமும் காற்றோடுமாறு அதனை அமைத்தார். திரியை ஏற்றவும் இறக்கவும் பொறியும் வைத்தார். பின்னர் மண்ணெண்ணெய் வந்தபோது இம்முறை அரிக்கேன் விளக்கின் பக்கத்திலுள்ள சிறு சக்கரமாக நம் வீட்டுக்கும் வந்தது. மலாயாவின் தோட்டப்புறங்களில் லயத்துக் குடும்பங்கள் இச்சக்கரத்தை நன்கறியும். பிள்ளைகள் படிக்கும் வரை திரியை ஏற்றி வைப்பர். அவர்கள் உறங்கியதும் பொட்டளவாகத் தணித்து வைப்பர். விடியுமுன் பிரட்டுக்கு எழும்போது மீண்டும் ஏற்றுவர். எண்ணெய் மிஞ்சியது, கண்ணுக்கும் இதமாயிருந்தது, இருட்டில் தடுமாற்றமும் இல்லை. இம்மூன்று பயனையும் தந்தது ஒரு விரலசைவு.

இராவாங்கில் பிறந்த மின்னொளி

மலாயாவில் மின்சாரம் வந்த கதையில் தமிழர் ஒருவருக்குத் தலைமையான இடம் உண்டு. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை 1873-இல் நிறுவிய கே. தம்புசாமிப் பிள்ளையே அவர். சீன வணிகரான லோக் இயூவுடன் சேர்ந்து, சிலாங்கூரில் இராவாங்கிலிருந்த ஈயச் சுரங்கத்தில் 1894-ஆம் ஆண்டில் அவர் மின்னாக்கி ஒன்றை நிறுவினார். மலாயாவில் மின்சாரம் பயன்பட்டமைக்குக் கிடைக்கும் முதற்சான்று இதுவே. மறு ஆண்டில் கோலாலம்பூர் இரயில் நிலையத்திற்கு மின்னொளி வந்தது. 1900-ஆம் ஆண்டில் ரவூப் தங்கச் சுரங்கத்தார் செம்பம் ஆற்று நீரைக்கொண்டு மின்சாரம் எடுத்தனர். கோயிலில் எண்ணெய் விளக்குக்கு வழிசெய்த அதே கை, சுரங்கத்தில் மின்னாக்கிக்கும் வழிசெய்தது என்பது நம்மவர் நினைவிற்கொள்ளத்தக்க செய்தியாகும்.

எனினும் ஊரில் மின்சாரம் இருப்பது வேறு, வீட்டில் மின்சாரம் இருப்பது வேறு. நாட்டின் மின்வழங்கலைப் பொதுவாக நடத்துவதற்கு மத்திய மின்சார வாரியம் 1949-இல் அமைந்தது. கிள்ளானை அடுத்த கன்னாட் பாலத்து மின்நிலையம் 1953-இல் திறக்கப்பட்டது. அவ்வாரியமே 1965-இல் தேசிய மின்சார வாரியம் என்றும், 1990-இல் தெனாகா நேஷனல் என்றும் மாறியது. இவ்வளவு நடந்தும், பட்டணத்துக்கு அணித்தேயிருந்த தோட்டங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே நெடுநாள் எரிந்தது. சொந்த மின்னாக்கி வைத்திருந்த தோட்டங்களிலும் மாலையில் சில மணி நேரமே மின்சாரம் விட்டனர். பொறி நின்றதும் எல்லா வீடும் ஒருசேர இருளில் மூழ்கும். சுபாங் ஜெயா நகரம் எழுந்த நிலமும் சீபீல்டு தோட்டத்தைச் சேர்ந்ததே. அங்கு வீடமைப்பு 1976-இல் தொடங்கியது. 2020-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அது மாநகர் என்னும் தகுதியையும் பெற்றது. திரிவிளக்கு எரிந்த நிலத்தில் மின்விளக்கு வீடுகள் எழுந்தன.

மின்விளக்கு புகையைப் போக்கியது. காற்றுக்கு அவியாமல் நின்றது. பிள்ளைகள் கண்ணைக் காத்தது. ஆயினும் ஒன்றை எடுத்துக்கொண்டது. திரியை ஏற்றி இறக்கும் உரிமை வீட்டாரிடமிருந்து போயிற்று. குன்றின்மேல் இட்ட விளக்கு, குடத்துள் இட்ட விளக்கு என்று நாம் வழக்கிற் கூறுவதுண்டு. மின்விசை இவ்விரு நிலைகளையே அறியும். இடைப்பட்ட நிலை அதற்கில்லை. மலேசியத் தமிழர் பேச்சில் விளக்கைத் 'திற', விளக்கை 'அடை' என்னும் வழக்கு உண்டு. மலாய்மொழி வழக்கை ஒட்டி வந்த இச்சொற்கள் மின்விசையின் இயல்புக்கு நன்கு பொருந்துகின்றன. ஆனால் திரிவிளக்குக் காலத்தில் வழங்கிய தூண்டுதல், தணித்தல், குளிரவைத்தல், அமர்த்துதல் ஆகிய சொற்களுக்கு இவ்விசையில் இடமில்லாமற் போயிற்று.

திருகு வந்த வழி

இழந்த உரிமையை முதலில் மீட்டவர் நாடக அரங்கத்தார். மேடையில் பொழுது சாய்வதைக் காட்ட விளக்கை மெல்லத் தணித்தாக வேண்டும். இலண்டனில் சவாய் அரங்கம் 1881-இல் ஏறத்தாழ 1200 மின்விளக்குகளால் ஒளிபெற்றது. அங்கு மேடை விளக்குகளின் ஒளியைப் படிப்படியாகக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. அக்காலத்து முறை எளியது. மின்னோட்டத்தின் வழியில் தடைக்கம்பியைப் புகுத்தினால் விளக்குக்குச் செல்லும் மின்சாரம் குறையும். ஆனால் விளக்கில் குறைந்த ஆற்றலின் ஒரு பகுதி தடைக்கம்பியில் வெப்பமாய் வீணாகும். கருவியும் பெரிது, சுவரில் பதிக்க இயலாது. ஆதலால் அது வீட்டுக்கு வரவில்லை.

1950-களின் இறுதியில் குறைக்கடத்திப் பொறிகள் வந்தபின் நிலைமை மாறியது. அமெரிக்கரான ஜோயல் ஸ்பைரா 1959-இல் அத்தகைய பொறியைக்கொண்டு சுவர்ப்பெட்டிக்குள் அடங்கும் ஒளிதணிப்பானை உருவாக்கினார். 1961-இல் லூட்ரான் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இதன் நுட்பத்தைச் சற்று விளங்கிக்கொள்ளுதல் நலம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைந்து வருவது. ஒவ்வோர் அலையிலும் ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று ஆக நொடிக்கு 100 அரையலைகள் உண்டு. தணிப்பான் ஒவ்வோர் அரையலையின் தொடக்கத்திலும் சிறிது நேரம் கதவை அடைத்துவைத்துப் பின்னரே திறக்கிறது. திருகை எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவு நேரம் கதவு அடைபட்டிருக்கும். மின்சாரத்தைத் தடைக்கம்பியில் எரித்து வீணாக்காமல், தேவையான துண்டை மட்டும் வெட்டியெடுத்து விளக்குக்குக் கொடுப்பதே இதன் தொழில்.

இவ்வாறு வெட்டுண்டு வரும் மின்சாரத்தைப் பழைய குமிழ் விளக்கு முகங்கோணாமல் ஏற்றது. அதனுள் இருப்பது பழுக்கக் காய்ந்த டங்ஸ்டன் இழை ஒன்றே. நொடியின் நூற்றிலொரு பங்கு நேரத்தில் அது ஆறிவிடாது; ஆகவே வெட்டுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அவ்விளக்கைத் தணிப்பதனால் கிட்டிய சிக்கனம் நாம் நினைப்பதினும் சிறிது. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் ஒளி பத்தில் ஒரு பங்காய்ச் சுருங்கும்; மின்செலவோ மூன்றில் ஒரு பங்காகவே நிற்கும். ஒளியை விட்ட அளவுக்குக் காசு மிஞ்சவில்லை என்பதே பொருள். இழையின் ஆயுள் நீண்டது என்பது மட்டும் ஊதியம். அவ்விளக்கு உண்ட மின்சாரத்தில் 100-க்கு 90 பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிவந்தது. வெப்ப நாட்டில் அந்த வெப்பத்தைக் குளிர்சாதனம் மீண்டும் வெளியேற்ற வேண்டியிருந்தது. ஒரே செலவை இருமுறை செய்ததாயிற்று.

சேமிப்பு விளக்கின் பிணக்கு

இதற்கு மாற்றாக வந்தது சுருள் வடிவச் சிறு குழல் விளக்கு. அமெரிக்காவில் எட்வர்டு ஹேமர் என்பார் 1976-இல் அதன் சுருள் வடிவத்தை அமைத்தார். பிலிப்ஸ் நிறுவனம் 1980-இல் தன் சிறு குழல் விளக்கொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 60 வாட் குமிழ் தந்த ஒளியை 15 வாட்டுக்குள் அது தந்தது. மலேசிய அரசு பழைய இழைவிளக்குகளை 2011-ஆம் ஆண்டு சனவரி முதல் படிப்படியாக நீக்கி, 2014-இல் அவற்றின் விற்பனையை முடிவுக்குக் கொண்டுவரத் திட்டமிட்டது. 2013-இல் திருத்தப்பட்ட மின்சார விதிகள் விளக்கு முதலிய சில வீட்டுப் பொருள்களுக்குக் குறைந்த அளவு மின்திறனை வரையறுத்தன. பழைய விளக்கு வீட்டை விட்டு நீங்கியது. சுவரிலிருந்த பழைய திருகு நீங்கவில்லை. பிணக்கு இங்கேதான் தொடங்கிற்று.

சிறு குழல் விளக்கு வெறும் இழையன்று. அதன் அடிப்பகுதியில் தனக்கென ஒரு மின்பொறியை அது வைத்திருக்கிறது. அப்பொறி முழு அலையை எதிர்பார்க்கிறது. தணிப்பான் தருவதோ வெட்டுண்ட அலை. பொறி திணறுகிறது, குழலின் மின்வாய்கள் போதிய சூடு பெறாமல் தேய்கின்றன, விளக்கு படபடத்துக் கெடுகிறது. தணிக்கத் தக்கது என்று பொதியுறையில் அச்சிடப்படாத சிறு குழல் விளக்கைத் தணிப்பானில் மாட்டலாகாது என்பது இதனாலேயே. அவ்விளக்கினுள் சிறிதளவு பாதரசமும் இருப்பதால், உடைந்தாலும் கெட்டாலும் குப்பையோடு குப்பையாய் எறிதல் தகாது.

அடுத்து வந்தது எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் விளக்கு. இதில் வெள்ளொளி கிட்டுவதற்கு நீலவொளி தரும் சிறு படிகம் தேவைப்பட்டது. நீலத்தின்மேல் ஒளிரும் பூச்சை இட்டே வெண்மையைப் பெறுகின்றனர். அந்நீலப் படிகத்தைச் செய்துகாட்டிய அகாசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். இத்தொழிலில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 1972-இல் கால்கொண்ட நிறுவனங்களுள் ஒளியுமிழ் படிகத் தொழிலைச் சார்ந்தனவும் இருந்தன. 2017-இல் கெடா மாநிலத்துக் கூலிமில் ஒஸ்ராம் நிறுவனத்தின் பெரிய படிகத் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

ஒளியுமிழ் விளக்கு தணிப்புக்கு இயல்பிலேயே இசைவானது. ஒளியைப் பாதியாக்கினால் மின்செலவும் ஏறத்தாழப் பாதியாகும். இழைவிளக்கு தராத நேர்மையான கணக்கு இது. ஆயினும் இதற்கும் உள்ளே ஒரு பொறி உண்டு. அதனைத் தணிப்புக்கென்றே அமைத்திருந்தால்தான் பயன். அதோடு மற்றொரு தடையும் உண்டு. 60 வாட் குமிழ் ஐந்து தொங்கிய கொத்து விளக்கு 300 வாட் உண்டது. 8 வாட் ஒளியுமிழ் விளக்கு ஐந்து மாட்டினால் 40 வாட்டே ஆகும். பழைய தணிப்பான்களுட் பல, குறைந்தது 40 அல்லது 60 வாட் சுமையேனும் இருந்தாலன்றி ஒழுங்காக இயங்கா. பெருஞ்சுமைக்குப் பழகிய மாட்டைச் சிறுதேரில் பூட்டினாற்போல அது தடுமாறுகிறது. விளக்கு இமைப்பதும், அணைத்தபின்னும் மங்கலாய் மின்னுவதும் இதன் விளைவே.

இனிச் செய்யத்தக்கன

இதனால் அறிய வேண்டுவது ஒன்று. அகலில் திரியும் தூண்டுகோலும் ஓரிடத்தில் இருந்தன. அரிக்கேன் விளக்கில் சக்கரம் விளக்கின் உடம்பிலேயே இருந்தது. மின்சாரம் வந்தபின் விளக்கு கூரைக்கும் திருகு சுவருக்கும் பிரிந்துபோயின. பிரிந்தவற்றுள் ஒன்றை மாற்றும்போது மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும்.

விளக்கு வாங்குமுன் அதன் உறையில் தணிக்கத் தக்கது என்னும் குறிப்பு உண்டா என்று பார்க்க. விளக்குகளின் வாட்டைக் கூட்டி, தணிப்பானின் குறைந்த அளவுக்கு மேல் வருகிறதா என்று கணக்கிடுக. வாராதாயின் ஒளியுமிழ் விளக்குக்கென அமைந்த புதுத் தணிப்பானை மாட்டுவிக்க. இது அலையின் தொடக்கத்தை வெட்டாமல் இறுதியை வெட்டும் வகையாயிருப்பின் பெரும்பாலும் அமைதியாக இயங்கும். சுவர்ப்பெட்டியைத் திறக்கும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விடுக. இழைவிளக்கு தணியத் தணியச் செம்மை பெறும். ஒளியுமிழ் விளக்கின் நிறமோ பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே படுக்கையறைக்கும் கூடத்துக்கும் 2700 கெல்வின் அளவுள்ள இளஞ்செம்மஞ்சள் ஒளியைத் தேர்ந்தால் தணித்தபோதும் இதமாயிருக்கும். தணிப்பான் தேவையே இல்லாத அறையில் சாதாரண விசையை வைத்துவிடுதல் இன்னும் எளிது.

கணக்கையும் பார்ப்போம். மேற்கூறிய கொத்து விளக்கு நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால், பழைய குமிழ்களுக்கு 30 நாளில் 45 யூனிட் ஆகும். ஒளியுமிழ் விளக்குகளுக்கு 6 யூனிட் ஆகும். பாதியளவு தணித்து வைப்பின் 3 யூனிட் அளவில் நிற்கும். முதல் 39 யூனிட்டை மிச்சமாக்கியது விளக்கு. பின்னைய 3 யூனிட்டை மிச்சமாக்கியது கை. பின்னது சிறிதெனத் தோன்றலாம். ஆயின் விளக்கு மலிந்ததனாலேயே ஆளில்லாத அறையிலும் இரவு முழுதும் எரியவிடும் வழக்கம் பெருகுமானால், விளக்கு ஈட்டித் தந்த மிச்சத்தைக் கையே செலவழித்துவிடும்.

இக்கருவிக்கு ஒளிதணிப்பான் என்னும் பெயரைத் தமிழாசிரியர்கள் வகுப்பறையில் வழங்கலாம் என்பது என் கருத்து. மங்கலாக்கி என்று சிலர் கூறக்கூடும். மங்குதல் தானே நேரும் குறை. தணித்தல் ஒருவர் அளவறிந்து செய்யும் வினை. லயத்து வீட்டில் பிள்ளைகள் உறங்கியபின் தாய் செய்ததும் அவ்வினையே. அவள் விளக்கை மங்கவிடவில்லை. எண்ணெயின் அருமை அறிந்து தணித்து வைத்தாள். மாணவர் வீட்டுக்குச் சென்று சுவரிலுள்ள திருகைத் திருப்பும்போது, அதன் முன்னோன் ஒரு தூண்டுகோல் என்பதை அறிந்து திருப்புவாராயின், அச்சொல்லும் பிழைக்கும், அச்சிக்கனமும் பிழைக்கும்.